குலுங்கும் டப்பா

முப்பது மாத்திரைகள். நடக்கும்போது சட்டைப்பைக்குள்
கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும்.
பஸ்ஸில் ஒரு குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.
அன்றிலிருந்து டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து வைக்கிறேன்.

போர்த்தோ அலெக்ரியில், அரசு மருந்தகத்தில்
காசு வாங்காமல்தான் தருகிறார்கள்.
கண்ணாடிக்குப் பின்னால் மூக்குத்தி போட்ட பையன்
பாக்கிச் சில்லறை போல அதை நகர்த்தினான்.
"மூணு மாசம் கழிச்சு ரத்தம் குடுக்க வாங்க, ஒனோஃப்ரி."
அவன்மேல் எனக்கு அப்படியொரு கோபம்.
அவன் பிறந்தேயிருக்காத ஒரு வருடத்தின் கோபம்.

தொண்ணூற்று மூன்றில் லிண்டோல்ஃபுவுக்கு
நான்கு மணிக்கொரு தரம் அலாரம் வைத்துக் கொடுத்தேன்.
விழுங்கியதில் பாதி வாளிக்குத்தான் போகும்.
அவன் அம்மா படி தாண்டி வரவில்லை.
சூப் மட்டும் கொடுத்தனுப்பினாள்.
பாத்திரத்தைத் திருப்பிக் கேட்கவேயில்லை.
அவன் போன பிறகும் கேட்கவில்லை.

இவ்வளவு சின்னதா?
சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நீலம்.
இதை வாயில் போட்டுக்கொண்டு,
ஐம்பத்தெட்டு வயதில்,
பயமில்லாமல் ஒருவன் கழுத்தை மோந்து பார்க்க
எனக்கு வெட்கமாக இருந்தது,
சாவு வீட்டில் பசி எடுப்பது மாதிரி.

ரூவானுக்கு இருபத்துநாலு. காபியோடு விழுங்குவான்.
"வைட்டமின்" என்பான், மறந்த நாளில் கெட்ட வார்த்தை சொல்வான்,
அவ்வளவுதான் அவனுக்கு.
நெல்சிந்து என் வயது, எத்தனையோ சவப்பெட்டிகளை
என்னோடு சேர்ந்து தூக்கியவன்.
மூலை பாரில் பீரைத் தட்டி வைத்துவிட்டுச் சொன்னான்:
"குடை வாங்கினவன் மழைக்கு ஏங்குவான்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
சட்டைப்பையில் பஞ்சு தன் வேலையைச் செய்தது.

எடெனில்சன் பஸ் டிப்போவில் மெக்கானிக்.
மனைவி, இரண்டு மகள்கள்.
வியாழக்கிழமை ஏழிலிருந்து ஒன்பது வரை நான்.
அவன் மாத்திரை தூண்டில்முள் டப்பாவில் இருக்கிறது,
வீட்டில் வேறு யாரும் தொடாத ஒரே பொருள் அது.
யாருக்காகச் சாப்பிடுகிறாய், எனக்கா, அவளுக்கா
என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.
கை கழுவிக்கொண்டேயிருந்தான்.
கிரீஸ் அவ்வளவு சீக்கிரம் போகாது.

மே மாதம் ஆறு வீட்டுக்குள் வந்தது.
முதலில் செருப்புகள் மிதந்தன, பிறகு ஃபிரிட்ஜ் சாய்ந்தது.
இடுப்பளவு தண்ணீரில் படகுக்குக் கை நீட்டியபோது
அலமாரி மேல்தட்டில் இருந்த அந்தச் சூப் பாத்திரம்
ஞாபகத்துக்கு வந்தது.
படகுக்காரன் திரும்ப மாட்டேன் என்றான்.
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். டப்பா இருந்தது.

பள்ளிக்கூட விளையாட்டரங்கில் முந்நூறு பேர்,
நாற்பது நாய்கள், இரண்டு கழிப்பறை.
யாரும் யாரையும் தொடுகிற இடமில்லை அது.
எடெனில்சனிடமிருந்து ஒரே ஒரு செய்தி:
"தூண்டில் டப்பா பத்திரம்."
ராத்திரி ஒன்பதுக்கு எழுந்து உட்கார்ந்தேன்.
எதற்கு, யாருக்கு என்று கேட்டால் பதில் கிடையாது.
அலாரம் வைத்துப் பழகிய கை.

பக்கத்து மெத்தையில் சுலெய்டி,
கோழி வளர்த்தவள், ஒன்றும் மிஞ்சவில்லை.
"பிரஷரா?" என்றாள்.
ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன்.
என்ன ஆனதோ. களைப்பாக இருக்கலாம்.
"ஆண்களோடு படுக்கிறவன். எய்ட்ஸ் வராமலிருக்க" என்றேன்.

என்னைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.
ஒரு நாய் குரைக்க, மற்றவை எல்லாம் கூடச் சேர்ந்தன.
"அந்தப் பஞ்சு உங்களுக்கு வேணுமா?
மூணு ராத்திரியா தூக்கமில்லை."

பாதி பாதியாகப் பிய்த்து
இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கழிப்பறை வரிசைக்கு நடந்தேன்,
படுத்திருந்தவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி.
ஒவ்வொரு அடிக்கும் அது குலுங்கியது.